ரெண்டு வயசு வரைக்கும் யார் பார்ப்பது?

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்றும் பால்வாடி டீச்சர்தான். குச்சிக்கிழங்கு பிடுங்கவும் கரும்பு வெட்டவும் ஆள் ஏற்றிப்போகும் வண்டி விடியும் முன்பே வந்து நிற்கும். நாங்கள் மையத்தைத் திறப்பது அதற்கு வெகுநேரம் கழித்து.

"டீச்சர், இவனைச் சேர்த்துக்குங்க, ஒரு ஓரமா உட்கார்ந்திருப்பான்" என்று ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெஞ்சுவார்கள். ரெண்டு வயது நிரம்பாமல் சேர்க்க வழியில்லை. ஆறு மாதத்திலிருந்தே அந்தப் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்தனுப்புவோம். பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் கிடையாது.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. மதியச் சோறு, முட்டை, பாட்டு, எடை பார்ப்பது எல்லாமே இலவசம். இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால், தாய் காட்டில் இருக்கும்போதே மையம் மூடிவிடுகிறது. மிச்ச நேரத்துக்குப் பாட்டி பார்ப்பாள் என்போம்; பாட்டியும் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள். அக்காள்காரி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் தம்பியைத் தூக்கி வைத்திருப்பாள். எனக்கு ஆறாத வருத்தம் அந்தப் பெண் பிள்ளைகள்தான். அதுவும் முடியாத வீட்டில் தாயே நின்றுவிடுவாள். அன்றைய கூலி முழுக்கப் போகும். கூலிக்காரக் குடும்பத்தில் பிள்ளை வளர்க்க ஆகும் உண்மையான செலவு இதுதான். டவுன் காப்பகங்களின் மாதக் கட்டணத்தை மட்டும் வைத்து இதைக் கணக்கிட முடியாது.

சட்டங்கள் வந்தன. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் நிறைய வேலை செய்யும் ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்றது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களையும் சேர்த்தது. களையெடுக்கும் பெண்ணுக்கு எந்த நிறுவனம்? 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஐந்து குழந்தைகள் வேலையிடத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று இருந்தது. எங்கள் பக்கத்து ஏரி வேலையில் நான் கண்டது வேப்பமரத்தில் கட்டிய சேலைத் தூளிகளைத்தான்.

பக்கத்திலேயே இருக்கிற கர்நாடகம் 2023-ல் 'கூசின மனே' என்று 4,000 கிராம ஊராட்சிகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அறிவித்தது. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்திலும் அங்கன்வாடியோடு காப்பகம் சேர்த்து நடத்தலாம். ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்க்கலாம். நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதத்துக்கு 26 நாள். அந்த ஏழரை மணி நேரம் வண்டி கிளம்பும் நேரத்துக்குப் பொருந்த வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆளும் சம்பளமும் வேண்டும். இருக்கிற டீச்சர், ஆயா தலையிலேயே கட்டிவிடக் கூடாது.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். தாய்மார்களே, எங்கள் ஊர் அங்கன்வாடியில் காப்பகம் வேண்டும் என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.