வைரஸ் கூட்டுக்குள் 60 வளிமண்டல அழுத்தம்

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு ஃபை29 என்று பெயர். அதன் புரதக் கூடு 54 நானோமீட்டர் நீளம், 42 நானோமீட்டர் அகலம். உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் 6.6 மைக்ரோமீட்டர் வரும். கூட்டைப் போல 120 மடங்கு!

நீளத்தையாவது சமாளித்துவிடலாம், டி.என்.ஏ.வின் குணம்தான் தொல்லை. 50 நானோமீட்டருக்குள் அதை வளைப்பது கடினம், கூடே அவ்வளவுதான். போதாக்குறைக்கு இழை முழுக்க எதிர் மின்னூட்டம். நெருங்கிவரும் சுருள்கள் ஒன்றையொன்று தள்ளும். கரைசலில் உள்ள நேர் அயனிகள் இந்தப் பகையைத் தணிக்குமே தவிர, தீர்க்காது.

ஆகவே, பலவந்தமாகத் திணித்தாக வேண்டும். கூட்டின் வாயில் பொருந்தியிருக்கும் ஒரு மூலக்கூறு மோட்டார் அதைச் செய்கிறது. அதன் பலத்தை 2001இல் அளந்தது, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் புஸ்டமான்டே குழு. பாதி நிரம்பிய வைரஸை ஒரு நுண்மணியில் ஒட்டினார்கள். வெளியே நீண்டிருந்த டி.என்.ஏ. முனையை இன்னொரு மணியில் கட்டினார்கள். இந்த இரண்டாவது மணியை லேசர் ஒளியால் பிடித்துக்கொண்டு, மோட்டார் உள்ளிழுக்க இழுக்க எதிர்ப்பைக் கூட்டினார்கள். சராசரியாக 57 பிகோநியூட்டன் விசை வரும்வரை மோட்டார் விடவில்லை. அறியப்பட்ட மூலக்கூறு மோட்டார்களில் இது பெரிய பலசாலி. முழுதும் நிரம்பிய கூட்டுக்குள் அழுத்தம் சுமார் 60 வளிமண்டலம் என்று கணக்கிட்டார்கள். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு.

இதில் ஒரு குரூரம் உண்டு. மோட்டாருக்கு எரிபொருள் ஏ.டி.பி. அது வைரஸின் சொத்தல்ல, சாகப்போகும் பாக்டீரியாவுடையது. அடுத்த பாக்டீரியாவுக்குள் டி.என்.ஏ.வைத் தள்ளப்போகும் விசைக்கு இந்தப் பாக்டீரியாவே செலவழிக்கிறது.

அந்த விசை உண்மையில் எவ்வளவு தூரம் உதவுகிறது? 2003இல் அலெக்ஸ் எவிலெவிட்ச், வில்லியம் கெல்பார்ட் முதலியோர் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸில் இதைச் சோதித்தார்கள். பாக்டீரியாவே இல்லாத கரைசலில், வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதத்தை மட்டும் சேர்த்ததும் டி.என்.ஏ. பீறிட்டு வெளிவந்தது. கரைசலில் பாலிமரைக் கலந்து வெளியழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வெளிவரும் நீளம் குறைந்தது. சுமார் 20 வளிமண்டலத்தில் அறவே நின்றுவிட்டது.

ஈ.கோலை செல்லுக்குள்ளேயும் சில வளிமண்டல அழுத்தம் உண்டு. எனவே, உள்ளழுத்தம் மட்டும் டி.என்.ஏ. முழுவதையும் செல்லுக்குள் தள்ளிவிடாது. மீதியை உள்ளே இழுக்க வேறு வழி வேண்டும்.

ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்களும் இப்படித்தான் டி.என்.ஏ.வைத் திணித்துக்கொள்கின்றன. மனித செல்லில் இத்தகைய மோட்டார் கிடையாது என்பதால் மருந்துக்கு நல்ல இலக்கு. அதே குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸில் இந்த மோட்டாரை முடக்கும் லெட்டர்மோவிர் மாத்திரைக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி தந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்தத் தொற்று வராமல் தடுக்க அதைக் கொடுக்கிறார்கள்.