மனைவியும் வேலைக்காரனும்

தோழனே! 1960-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள். இலண்டன் மாநகரத்து ஓல்டு பெய்லி நீதிமன்றம். விசாரணைக்கு வந்தது கொலையல்ல, கொள்ளையல்ல, ஒரு நாவல்! டி. எச். லாரன்ஸ் தீட்டிய 'லேடி சாட்டர்லியின் காதலன்'. சீமாட்டி ஒருத்தி, கணவனின் பண்ணையில் காவல் காக்கும் கூலிக்காரனைக் காதலித்த கதை. ஆபாசம் என்று சொல்லி, வெளியிட்ட பெங்குவின் நிறுவனத்தார்மீது வழக்கு.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் கிரிஃபித் ஜோன்ஸ் எழுந்தார். ஜூரிகளை நோக்கி ஒரு கேள்வி தொடுத்தார். உங்கள் மனைவியோ, உங்கள் வேலைக்காரரோ இந்தப் புத்தகத்தைப் படிப்பதை நீங்கள் விரும்புவீர்களா என்று!

மனைவியோ, வேலைக்காரரோ! சேர்க்கையைப் பார்த்தாயா, தோழனே? சீமான் படிக்கலாம், அவர் சிந்தை கெடாது. சீமாட்டியும் சமையற்காரனும் படித்தால் குடி கெடும், குலம் கெடும்! அதிலும் புத்தகத்தின் விலையோ மூன்றரை ஷில்லிங். உழைப்பவனும் வாங்கிவிடலாமே!

அந்தப் பன்னிரண்டு ஜூரிகளில் மூவர் பெண்கள். கேட்கும்போது அவர்கள் முகத்தையாவது பார்த்திருக்கலாம் அந்த மேதை! நவம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. குற்றமில்லை!

படிப்பதற்கே இந்தப் பாடு என்றால், எழுதப் புகுந்தவள் பட்டது எவ்வளவு? சார்லட் பிராண்டி என்ற இருபது வயதுப் பெண் தன் கவிதைகளை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் சதேவுக்கு அனுப்பினாள். 1837-இல் பதில் வந்தது: இலக்கியம் பெண்ணுக்குரிய தொழிலல்ல! பத்தாண்டு கழித்து, 1847-இல், 'ஜேன் அயர்' வெளிவந்தது. சம்பளத்துக்குப் பாடம் சொல்லித்தரும் அநாதைப் பெண்ணின் கதை. அட்டையில் சார்லட் இல்லை; கரர் பெல் இருந்தார். தங்கை எமிலி எலிஸ் பெல் ஆனாள். ஆன், ஆக்டன் பெல் ஆனாள். பெற்றவர் வைத்த பெயரை ஒளித்தால்தான் பேனாவுக்கு மதிப்பு!

சீமான்களைச் சபித்துவிட்டுத் தேநீரை உறிஞ்சுகிறாயே, சற்று நில். இந்த ஏட்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாயா, கடைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டுப் போகிறாயா?

உன்னை மட்டும் கேட்கவில்லை. மணமான புதிதில் என் வீட்டிலும் ஒரு குரல் கேட்டது: "உலை கொதிக்குது, கதை என்னடி கதை?" சீமான் குரலல்ல, மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு வந்த என் குரல்தான்! அன்றே புத்தகம் கண்ணில் படாமல் போயிற்று. படிப்பதை விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். மறுமாதம் அரிசிப் பானைக்குள் கைவிட்டபோது தட்டுப்பட்டது அந்த நாவல். பாதிக்குமேல் படித்து, அடையாளத்துக்கு ஒரு துடைப்பக்குச்சி வைத்திருந்தாள்.