உடம்பில் எந்த இடம்?

மனித உடலை விவரிக்கும் மருத்துவச் சொற்கள் எல்லாம் ஒரே ஒரு நிலையை அடிப்படையாகக் கொண்டவை. ஆள் நிமிர்ந்து நிற்கிறார். பார்வை நேராக இருக்கிறது, பாதங்கள் முன்னோக்கி இருக்கின்றன. பக்கவாட்டில் தொங்கும் கைகளில் உள்ளங்கை முன்பக்கம் பார்க்கிறது. இதற்கு உடற்கூறியல் நிலை என்று பெயர். நோயாளி மல்லாந்து கிடந்தாலும், குப்புறப் படுத்திருந்தாலும், அடிபட்டுச் சுருண்டு விழுந்திருந்தாலும், குறிப்பு எழுதுபவர் அவரை இப்படி நிற்பவராகவே எண்ணி எழுத வேண்டும். அந்தக் குறிப்பில் தலை எப்போதும் மேலே, முதுகு எப்போதும் பின்னே.

உள்ளங்கை ஏன் முன்னோக்க வேண்டும்? முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை முன்னே பார்க்கும்போது அவை இணையாக நிற்கும். கையைப் புரட்டினால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே வந்துவிடும். எது உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்பதே குழம்பிப்போகும். அதனால்தான் பழக்கமில்லாத இந்த நிற்கும் முறை.

இடது, வலது என்பவை நோயாளியுடையவை, எதிரே நிற்பவருடையவை அல்ல. எக்ஸ்ரே படத்தையும் நோயாளி எதிரில் நிற்பதாகக் கொண்டே பார்ப்பார்கள். படத்தின் வலது ஓரத்தில் தெரிவது அவருடைய இடப்பக்கம். அறுவை அரங்கில் இந்த ஒரு விதி பிசகினால் நல்ல சிறுநீரகத்தின் மீது கத்தி பட்டுவிடும்.

உச்சந்தலையிலிருந்து கால் நடுவே இறங்கும் கற்பனைக் கோடு நடுக்கோடு. அதற்கு நெருங்கியது உட்பக்கம், விலகியது வெளிப்பக்கம். இந்தக் கணக்கில் சுண்டுவிரல் கையின் உட்பக்கத்திலும் கட்டைவிரல் வெளிப்பக்கத்திலும் அமையும். கை கால்களுக்கு மட்டும் இன்னொரு ஜோடிச் சொற்கள் உண்டு. உடம்போடு சேரும் இடத்துக்கு அருகில் இருப்பது அண்மை, தள்ளி இருப்பது சேய்மை. முழங்கை மணிக்கட்டுக்கு அண்மையில் உள்ளது. விரல்நுனி எல்லாவற்றுக்கும் சேய்மையில் உள்ளது. உடலை இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக வெட்டுவதுபோல் எண்ணிக்கொள்ளும் மூன்று தளங்களும் உண்டு. சி.டி. ஸ்கேன் படங்கள் பெரும்பாலும் மூன்றாவது வகைக் குறுக்கு வெட்டுகள். எந்த மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டு உடற்கூறியல் பாடம் இந்தச் சொற்களில்தான் தொடங்கும்.

இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உடலுறுப்புகளுக்குச் சுமார் 50,000 பெயர்கள் வழங்கின. ஒரே நரம்புக்கு ஊருக்கொரு பெயர். 1895இல் பாசல் நகரில் கூடிய அறிஞர்கள் அவற்றை ஏறக்குறைய 5,500 ஆகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறியல் நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாத’மாகத் தமிழில் வெளிவந்ததும் அவர் உழைப்பால்தான். அந்தப் பணி தொடர்ந்திருந்தால் இன்று நோயாளியின் சொல்லும் மருத்துவரின் சொல்லும் இவ்வளவு விலகியிருக்காது.

விலகல் சிறியதல்ல. பேச்சுத் தமிழில் ‘கை’ என்றால் தோள் முதல் விரல்நுனி வரை எதுவாகவும் இருக்கலாம். மருத்துவத்தில் தோளிலிருந்து முழங்கை வரை மேற்கை, அதிலிருந்து மணிக்கட்டு வரை முன்கை, அதற்குப் பிறகுதான் கை. காலும் அப்படியே: தொடை, கெண்டைக்கால் உள்ள கீழ்க்கால், பாதம். ‘இடுப்பு வலி’ என்பவர் முதுகின் கீழ்ப்பகுதியைச் சொல்லலாம், தொடை எலும்பு பொருந்தும் மூட்டையும் சொல்லலாம். ‘நெஞ்சு கரிக்குது’ என்பதற்குப் பெரும்பாலும் காரணம் உணவுக்குழாயில் ஏறும் அமிலம். ‘நெஞ்சை அடைக்குது’ என்றால் உடனே இதயத்தைப் பார்க்க வேண்டும். நோயாளியின் மொழியே வேறாகவும் இருக்கலாம்: திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியா பேசுபவர்களும், எல்லையோர ஊர்களில் தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. அவர்களிடம் ‘ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்’ என்று கேட்பதே நல்ல மருத்துவரின் முறை.

வயிற்று வலியில் இப்படித் தொட்டுக் காட்டுவது மிகவும் உதவும். தொப்புள் வழியாக நெடுக்கும் குறுக்குமாக இரண்டு கோடு போட்டால் வயிறு நான்கு பகுதியாகும். நுணுக்கமாகச் சொல்ல ஒன்பதாகவும் பிரிப்பார்கள். வலது மேற்பகுதியில் கல்லீரலும் பித்தப்பையும், இடது மேற்பகுதியில் இரைப்பையும் மண்ணீரலும் இருக்கின்றன. குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வந்து, பிறகு வலது அடிவயிற்றுக்கு நகரும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அழுத்தினால் நோயாளி துள்ளுவார். 1889இல் சார்லஸ் மெக்பர்னி விவரித்த அந்தப் புள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

உடலின் உள்ளே மண்டையோட்டுக் குழி, முதுகெலும்புக் கால்வாய், மார்புக்குழி, வயிற்று-இடுப்புக்குழி என்று அறைகள் உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் குவிமாடம்போல் மேலெழுந்திருப்பதால், கல்லீரலின் பெரும்பகுதி விலா எலும்புகளுக்குள்ளேயே இருக்கிறது. வலது கீழ் விலாவில் கம்பி குத்தினால் வெளிப்பார்வைக்கு அது மார்புக் காயம். உள்ளே கிழிந்தது வயிற்று உறுப்பாக இருக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இரும்பு ஆலைகளும் பிரஸ் மிஷின்களும் நிறைந்த இடத்தில் மிகுந்த கவனம் கேட்கும் உறுப்பு கைதான். ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தந்த அட்டவணை, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை இந்த எலும்புக் கணக்கில்தான் வகுத்தது. தோள்மூட்டோடு கை போனால் 90 சதவீதம். தோள் முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குள் துண்டானால் 80. பழைய எட்டு அங்குலம்தான் இப்படி மாறி நிற்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30, அதன் கடைசி எலும்பு மட்டும் என்றால் 20. ஆள்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு எலும்பு 11, ஒன்று 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. மோதிர விரலோ சுண்டுவிரலோ முழுதும் போனாலும் 7தான்.

ஆகவே அரசு மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், ‘கை விரலில் வெட்டு’ என்ற வரி போதாது. எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது எலும்பு, துண்டானது மூட்டிலா எலும்பிலா என்பது வேண்டும். விரலை எண்ணால் குறிப்பதும் ஆபத்து. ‘மூன்றாம் விரல்’ என்றால் கட்டைவிரலையும் சேர்த்து எண்ணுபவருக்கு நடுவிரல், சேர்க்காதவருக்கு மோதிர விரல். அட்டவணையில் நடுவிரலுக்கு 12 சதவீதம். எனவே விரலின் பெயரை எழுதுவதே முறை. நகல் கையில் கிடைத்ததும் தொழிலாளியோ உடன் வந்தவரோ அந்த வரியைக் காயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிசகு இருந்தால் பணியிலுள்ள மருத்துவரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.