காகிதக் காளான் – 6: தாடையில் விழுந்த பூட்டு

மனிதனைப் பிடித்தாட்டும் பூஞ்சை ஒன்றைக் காகிதத்தில் படைக்கிறோம். அது கடியால் பரவாது, வித்துகளால்தான் பரவும் என்று போன வாரம் தீர்த்தாயிற்று. மற்றதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது. இந்த வாரம் உடல் வெப்பத்தைப் பற்றி எழுதுவதாக வாக்கு. வழியில் ஓர் எறும்பின் தாடை குறுக்கே வந்துவிட்டது, அதைத் தாண்டிப் போக மனமில்லை. பூஞ்சைக் கதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை அந்தத் தாடையில்தான் அம்பலமாகிறது. பூஞ்சை மூளைக்குள் புகுந்து, அங்கே உட்கார்ந்தபடி உடலை ஓட்டுகிறது என்பதே அந்தப் பிழை. 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கணினி விளையாட்டிலும், அதிலிருந்து 2023இல் எடுத்த தொலைக்காட்சித் தொடரிலும் உயிரோடு நடமாடும் மனிதர்களின் தலை பிளந்து காளான் விரிகிறது. எறும்பின் தலைக்குப் பின்னாலிருந்து காம்பு முளைப்பதும் உண்மைதான், ஆனால் எறும்பு செத்த பிறகு. உயிர் இருக்கும்வரை பூஞ்சைக்கு வேலை வேறிடத்தில்.

ஓஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டரலிஸ் என்ற வாய்கொள்ளாப் பெயருள்ள இந்தப் பூஞ்சை பிடிப்பது காம்போனோட்டஸ் பேரின எறும்புகளை, அதாவது நம்மூர்க் கட்டெறும்பின் பங்காளிகளை. தாய்லாந்துக் காடு ஒன்றில் செத்த எறும்புகளைத் தேடி அளந்த ஆய்வு 2009இல் வெளியானது. தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம், இலையின் அடிப்புறம், பெரும்பாலும் செடியின் வடக்கு-வடமேற்குப் பக்கம், ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி, வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். அங்கே இலை நரம்பைக் கவ்வியபடி செத்துக் கிடந்தன. அந்தப் பிணங்களை எடுத்து மர உச்சியிலும் தரையிலும் வைத்துப் பார்த்தபோது பூஞ்சை ஒழுங்காக வளரவில்லை. எறும்புகள் குடியிருப்பதோ மேலே, மர உச்சியில். நோய் கண்ட எறும்புக்கு வலிப்பு வருகிறது, கீழே விழுகிறது, தன் கூட்டத்தின் பாதையைத் தொடராமல் தள்ளாடித் திரிகிறது, நண்பகலை ஒட்டி ஓர் இலையைக் கவ்விக்கொள்கிறது. பூஞ்சை கேட்பது இவ்வளவுதான்: சரியான இடம், அங்கே ஒரு பூட்டு.

பூட்டை எப்படிப் போடுகிறது? 2017இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலையைக் கவ்விய நிலையில் இருந்த எறும்புகளை எடுத்து, மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே சீவல் சீவலாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு படம் எடுத்தார்கள். எது பூஞ்சை, எது எறும்பு என்று பிரித்துச் சொல்லக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, படங்களை அடுக்கி முப்பரிமாணத்தில் திரும்பக் கட்டினார்கள். தலை, மார்பு, வயிறு, கால் என்று பூஞ்சை செல்கள் இல்லாத இடமில்லை, மூளையைத் தவிர! தசை நார்களுக்குள் அவை நுழைந்திருந்தன. ஒன்றோடொன்று குழாய் போட்டு இணைந்து, தசைகளைச் சுற்றி வலை பின்னியிருந்தன. தனித்தனியாக மிதந்து வந்த செல்கள் ஓர் உடலாகக் கூடிக்கொண்டு, பிடித்த உடலின் தசையைக் கட்டிப்போடுகின்றன. 2019இல் தாடையை மட்டும் நோக்கிய இன்னோர் ஆய்வு, அங்கே தசைகள் அளவுக்கு மீறிச் சுருங்கி இறுகியிருப்பதைக் காட்டியது. நரம்பு வந்து தசையைத் தொடும் சந்திகள் குலையவில்லை, இறுகிப்போனது தசைதான். ‘விழித்திருந்தும் வசமிழந்த எறும்பு’ என்று இதை வைத்துப் பலர் உருகி எழுதியிருக்கிறார்கள். எறும்பின் விழிப்பைப் பற்றி அந்தப் படங்கள் எதுவும் சொல்லவில்லை.

மூளைக்குள் போகாததாலேயே மூளையைத் தொடவில்லை என்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூஞ்சை சுரக்கும் ரசாயனங்கள் மூளையை எட்டக்கூடும், அதற்குக் குறிப்புகளும் உண்டு. இன்னும் வலுவான எதிர்ச்சாட்சி ஈயிடம் இருக்கிறது. என்டமோஃப்தோரா மஸ்கே என்ற பூஞ்சை ஈயின் நரம்பு மண்டலத்துக்குள்ளேயே நுழைகிறது. பிடிபட்ட ஈ சூரியன் மறையும் நேரத்தில் உயரத்துக்கு ஏறி, உறிஞ்சுகுழலை நீட்டி ஒட்டிக்கொண்டு, இறக்கையைத் தூக்கியபடி சாகிறது. மேலேயிருந்து வித்துகள் தெறிக்கின்றன. இந்தச் சாட்சியை ஒதுக்க முடியாது. ஆனால் அந்த ஈயும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஏறத் தெரியும், பொழுதறியும் கடிகாரமும் உண்டு. பூஞ்சை அழுத்துவது ஏற்கனவே இருக்கும் பொத்தானை. ஆகவே நம் காகிதக் காளானுக்கு அறிவுள்ள ஓட்டுநர் வேண்டாம். ஒரு பொத்தானும் ஒரு பூட்டும் போதும்.

எறும்பு வேறு, மனிதன் வேறு என்பது அடுத்த ஆட்சேபம். எறும்பின் ரத்தம் திறந்த வெளியில் எல்லா உறுப்புகளையும் நனைத்தபடி ஓடுகிறது. நமக்கோ குழாய்களும், மூளைக்குத் தனிக் காவலும் உண்டு. இந்த ஆட்சேபம் என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது: காவல் உள்ள இடத்தில் ஏன் மோத வேண்டும்? ரணஜன்னியைப் பாருங்கள். கிருமி புண்ணிலேயே தங்குகிறது, அதன் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய்த் தசையைத் தளர்த்தும் கட்டளையை மறிக்கிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, உடல் வில்லாக வளைகிறது, நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. மனித உடலைப் பூட்டுவதற்கு மூளை தேவையில்லை என்பதற்கு இது போதும். ஆனால் மனிதனிடம் தாடையைப் பூட்டிப் பயனில்லை, கையைப் பூட்ட வேண்டும். விரல் மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருப்பதால் பூஞ்சை வலை பின்னவேண்டிய இடமும் சிறியது. ஈரம் கசியும் மாடிப்படி, மேல்தளத்துக் கைப்பிடி, அதைப் பற்றிய கை, கீழே நாள் முழுக்கப் போய்வரும் ஜனங்கள். என் பூஞ்சை இத்தோடு திருப்தியடைகிறது. துரத்தாத பூஞ்சையை யார் பார்ப்பார்கள் என்று திரைக்கதை எழுதுகிறவர்கள் கேட்பார்கள். தசைக்குள் புகுந்து தசையைக் கெடுக்கும் ஒன்று அந்தத் தசையைக் கொண்டே நூறு மீட்டர் ஓட்டப்பந்தயமும் ஓடும் என்றால், அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரியும். இலை நரம்பை எறும்பு கவ்வும் வேலை நேற்று வந்ததல்ல. ஜெர்மனியின் மெசெலில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழமையான இலைப் புதைபடிவத்தில் அதே மாதிரிக் கடித்தடம் இருக்கிறது. நம் இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டு. அவ்வளவு நீண்ட பழக்கத்தை நம் பூஞ்சைக்கு எங்கிருந்து கடன் வாங்குவது? குரங்குகளிடமிருந்து என்று ஒரு விடை வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கும் முன்னால் நம் உடலின் 37 டிகிரி வெப்பம் நிற்கிறது. வட அமெரிக்காவில் 2006இல் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய்ப் பூஞ்சை, குளிர்கால உறக்கத்தில் வௌவாலின் உடல் குளிர்ந்த பிறகே அதன்மேல் படர்கிறது. அடுத்த வாரம் அந்த வௌவால்கள் உறங்கும் குகையிலிருந்து தொடங்குகிறேன், இடையில் வேறு தாடை எதுவும் குறுக்கே வராவிட்டால்.