பந்து ஆடி எத்தினி நாளுக்கு சோறு?

போன வாரம் திருவொற்றியூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சிட்டா, நல்லா ஃபுட்பால் ஆடுவா. அடுத்து ஏதாவது கிளப்ல சேரணும்னு நிக்கிறா. சித்தி என்னைப் பார்த்து, "ஏம்பா, பந்து ஆடி எத்தினி நாளுக்கு சோறு துன்னுவா?"ன்னு கேட்டாங்க. எனக்கு டக்குனு பதில் வரல. அதான் இந்த எபிசோட்.

வடசென்னைக்கு ஃபுட்பால் புதுசு இல்ல. வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டுல ஒரு அமைப்பு 1997-லிருந்து ஏரியா பசங்களுக்கு கோச்சிங் கொடுக்குது, பொண்ணுங்களும் ஆடுறாங்க. தமிழ்நாடு பெண்கள் அணி 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயிச்சு நேஷனல் சாம்பியன் ஆச்சு. திறமை இருக்கு. வருஷம் முழுக்க ஆட இடம் இருக்கா? அதுதான் கேள்வி.

அங்கதான் கிளப் வருது. மதுரை சேது எஃப்சி-யை எடுத்துக்கோங்க. 2019 மே மாசம் லூதியானாவில், மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் கப்பை தூக்கினாங்க. நேபாளத்தோட சபித்ரா பண்டாரி அந்த டீம்ல இருந்தாங்க. செம சாதனை. ஆனா மொத்த போட்டியும் ஒரே ஊர்ல, சுமார் பதினெட்டு நாள்ல முடிஞ்சுது! பேரு மட்டும் லீக். மீதி பதினொன்றரை மாசம்? கிளப்புக்கு மேட்ச் இல்லன்னா டிக்கெட் இல்ல, ஸ்பான்சருக்குக் காட்ட ஒண்ணும் இல்ல. அப்புறம் பிளேயருக்கு எதை வெச்சு மாசச் சம்பளம் தர்றது?

2022-ல் கொஞ்சம் மாறிச்சு. புவனேஸ்வரில் பன்னிரண்டு டீம், ஆளுக்கு பதினொரு மேட்ச். கடைசி நாள் வரைக்கும் சேதுவும் கோகுலம் கேரளாவும் தோக்கவே இல்ல. கடைசி மேட்ச் இவங்க ரெண்டு பேருக்கும்தான்! கோகுலத்துக்கு டிரா போதும், சேதுவுக்கு வெற்றி வேணும். 3-1, கோகுலம். (இன்னும் வலிக்குது, விடுங்க.) 2023-24-ல் தான் முதல்முறையா ஹோம்-அவே முறை வந்துச்சு: ஏழு டீம், ஆளுக்குப் பன்னிரண்டு மேட்ச், டிசம்பர்லிருந்து மார்ச் வரைக்கும்.

பிலிப்பைன்ஸைப் பாருங்க. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம்ம நாட்டுலதான் நடந்துச்சு. கோவிட்டால் இந்தியா டீமே இறக்க முடியாம பாதியில் வெளியேறிச்சு. அதே போட்டியில், புனேயில், பிலிப்பைன்ஸ் பெனால்டியில் சைனீஸ் தைபேயை ஜெயிச்சு உலகக் கோப்பைக்குப் போச்சு. 2023-ல் நியூஸிலாந்தை அவங்க மண்ணிலேயே 1-0 என்று சாய்ச்சாங்க. அந்த டீம்ல நிறைய பேர் அமெரிக்காவில் வளர்ந்து காலேஜ் லீக்ல ஆடினவங்க. வருஷா வருஷம் சீசன் பார்த்த கால்கள்.

நம்ம ஊர்ல அந்த இடைவெளியை அரசு வேலைதான் அடைக்குது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் சேதுவுக்கும் ஆடினவங்க. தமிழ்நாடு போலீஸ்ல எஸ்.ஐ. 2020 லாக்டவுன்ல சென்னை ரோட்டுல டியூட்டி பார்த்தாங்க.

அதனால தங்கச்சிகிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். கிளப்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, காண்ட்ராக்ட் எத்தனை மாசம்னு கேளு. முட்டியில அடிபட்டா ஆபரேஷன் செலவு யாருதுன்னு கேளு, அதை எழுத்துல வாங்கு.

சித்தி ஓரமா நின்னு கேட்டுட்டே இருந்தாங்க. "அப்போ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜும் போட்டுடு"ன்னாங்க. திங்கக்கிழமை ஃபார்ம் வாங்கப் போறோம்.