ஆலோசனை கூறும் அறிஞர்

மாஹிம் கடற்கரையில் ஒரு பழங்கோட்டை நிற்கிறது. கடல்வழியே பகைவர் வரக்கூடும் என்று அஞ்சிய காலத்தில் எழுந்த கோட்டை அது. அங்கிருந்த பீரங்கிகளும் காவலரும் நீங்கி நெடுங்காலமாயிற்று. ஆனால் அந்த அச்சத்திற்குரிய காரணம் நீங்கிவிடவில்லை. 1993ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள் மும்பையின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டனர். அன்று மாஹிம் மீனவர் குடியிருப்பிலும் கைக்குண்டுகள் வீசப்பட்டன. அந்நாச வேலைக்கான வெடிபொருள்கள் கடல்வழியே கொண்டுவரப்பட்டு, ராய்கட் மாவட்டக் கரையில் இறக்கப்பட்டவை.

ஒரு நாட்டிற்கு எத்திசையிலிருந்து எவ்வகையான இடர் வரும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து ஆட்சியாளருக்கு எடுத்துரைப்பது தனியொரு துறையாகும். போரில் வெல்வது படைத்தலைவரின் பணி; ஆணையிடுவது அமைச்சரின் பணி. இவ்விருவருக்கும் முன்னே சென்று, நிகழக்கூடியதைச் சிந்தித்துச் சொல்வது அறிஞரின் பணி. திருவள்ளுவர் அமைச்சருக்கும் தூதருக்கும் ஒற்றருக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். நம் காலத்தில் இம்மூவரிலும் அடங்காத நான்காமவராக ஆலோசகர் தோன்றியிருக்கிறார். பாரத நாட்டில் இத்துறைக்கு வழிகோலியவர்களுள் தலைசிறந்தவர் ஒரு தமிழர். அவரே கே. சுப்பிரமணியம்.

1929ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து பாதுகாப்பு அமைச்சகத்தில் அலுவல் புரிந்தார். 1962ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பு நாட்டிற்குக் கசப்பான பாடம் ஒன்றைக் கற்பித்தது. படைபலம் மட்டும் போதாது, பகைவரின் நோக்கத்தை ஆராயும் அறிவுபலமும் வேண்டும் என்பதே அப்பாடம். 1965ஆம் ஆண்டில் புது டில்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது. சுப்பிரமணியம் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ஓராண்டு ஆய்வு செய்து திரும்பி, 1968இல் அந்நிறுவனத்தின் இயக்குநரானார்.

அரசாங்கத்தின் பொருளுதவியால் நடக்கும் நிறுவனத்தில் அமர்ந்துகொண்டு, அரசாங்கம் கேட்க விரும்பாததையும் சொல்ல முடியுமா? இத்துறையில் இறங்குவோர் எல்லோருக்கும் எழும் சோதனை இது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ அடக்குமுறை தொடங்கி, அகதிகள் பெருந்திரளாக நம் எல்லைக்குள் வந்தனர். இந்தியா வாளாவிருத்தல் கூடாது, பாகிஸ்தான் பிளவுபடுவது நமக்கு நன்மையே என்று அவர் வெளிப்படையாக வாதிட்டார். அது அவருடைய சொந்தக் கருத்து. ஆனால் பாகிஸ்தானோ அதனையே இந்திய அரசின் சதிக்குச் சான்றாக உலகிற்கு எடுத்துக்காட்டியது. ஆலோசகர் தமக்காகப் பேசினாலும் உலகம் அதை அரசின் குரலாகவே கேட்கும் என்பது இதனால் விளங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

பின்னர் அவர் கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும், பாதுகாப்புத் தளவாட உற்பத்தித் துறையின் செயலாளராகவும் பணியாற்றினார். 1980இல் மீண்டும் ஆய்வு நிறுவனத்திற்கே வந்து 1987 வரை அதன் இயக்குநராக இருந்தார். 1984 ஆகஸ்டில் கடத்தப்பட்டு லாகூர், கராச்சி வழியாகத் துபாய் கொண்டுசெல்லப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் அவரும் ஒரு பயணி. ஓய்வு பெற்றபின் நாளிதழ்களில் எழுதி, படித்த மக்களிடையே இத்துறையைப் பரப்பினார்.

அணுகுண்டு பற்றிய அவர் கொள்கை பலருக்கு முரணாகத் தோன்றியது. சில நாடுகள் மட்டும் அணுவாயுதம் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தடுக்கும் ஒப்பந்தத்தை அவர் எதிர்த்தார்; இந்தியாவுக்கும் அவ்வாற்றல் வேண்டும் என்றார். ஆனால் அது போரில் வீசுவதற்கான படைக்கலம் அன்று, பிறர் வீசாமல் தடுப்பதற்கே என்றும் அவர் வற்புறுத்தினார். 1998இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபின், தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார். இந்தியா முதலில் அணுவாயுதத்தைப் பயன்படுத்தாது என்னும் கோட்பாட்டைக் கொண்ட வரைவை 1999 ஆகஸ்டில் அக்குழு வெளியிட்டது. 2003இல் அரசு ஏற்ற அணுக்கொள்கையிலும் அக்கோட்பாடு இடம்பெற்றது.

அவர் வாழ்க்கையில் பெரும் பொறுப்பு எழுபது வயதில் வந்தது. 1999 கோடையில் கார்கில் மலைமுகடுகளில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவியதை நாம் காலங்கடந்தே அறிந்தோம். அது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவிற்குச் சுப்பிரமணியம் தலைவரானார். சில மாதங்களில் குழு தன் பணியை முடித்தது. 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இரகசியம் கருதிச் சில பகுதிகள் மறைக்கப்பட்டன. உளவு நிறுவனங்கள் தாம் அறிந்ததை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளாமையும், அவற்றை ஒருங்கே வைத்து ஆராயும் ஏற்பாடு வலுவின்றி இருந்தமையும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன. நான்கு துண்டுச் செய்திகள் நான்கு அலுவலகங்களில் உறங்கினால், அவற்றால் விளையும் பயன் யாது?

அறிக்கையை ஆராய்ந்த அமைச்சர் குழு 2001இல் தன் பரிந்துரைகளை வழங்கியது. முப்படைக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கடற்கரையைக் காக்கத் தனிப் போலீஸ் அமைப்பு வேண்டும் என்பது மற்றொன்று. கரையோரக் காவல் திட்டம் 2005இல் தொடங்கியது. ஆனால் அது வேரூன்றுமுன், 2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு பத்துப் பேர் படகில் வந்து மும்பைக் கரையில் இறங்கினர். அந்நகரில் 166 உயிர்கள் பறிபோயின. அதன்பின்னரே கடற்படை, கடலோரக் காவற்படை, மாநிலப் போலீஸ் ஆகியவற்றின் பொறுப்புகள் தெளிவாக வரையறுக்கப்பட்டன. முப்படைத் தலைமைத் தளபதி 2020 ஜனவரியில்தான் பதவியேற்றார். சுப்பிரமணியமோ 2011 பிப்ரவரி 2ஆம் நாளே புது டில்லியில் காலமாகிவிட்டார்.

ஆலோசகரிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. அவர் சொல்லைக் கேட்பதும் கேளாதிருப்பதும் ஆட்சியாளர் விருப்பம். காலத்தில் கேளாவிடில் அதன் விலையைச் செலுத்துவோர் ரயிலுக்காக நிலையத்தில் நிற்பவரும், கரையில் வலை உலர்த்துபவருமே ஆவர். ஆதலின் ஆலோசகர் தம் சொல்லின் நேர்மையைக் காத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. சுப்பிரமணியத்திற்கு 1999இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது, அரசு அலுவலரும் பத்திரிகையாளரும் அரசின் விருதுகளை ஏற்றல் தகாது என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

பிழைப்பிற்காகப் பிற மாநிலங்களில் வாழும் நாம், இவையெல்லாம் டில்லியில் உள்ளோர் விஷயம் என்று ஒதுங்கிவிடலாகாது. மாஹிமில் வீடு வைத்திருப்பவருக்குக் கடற்காவல் வீட்டு விஷயமே. கார்கில் குழுவின் அறிக்கை நூலாகவும் வெளிவந்துள்ளது. அதனைப் படித்து, சொல்லப்பட்டவற்றுள் எவை நிறைவேறின, எவை நிலுவையில் உள்ளன என்று தம் தொகுதி உறுப்பினரை வினவும் உரிமை நம்மில் ஒவ்வொருவருக்கும் உண்டு.