நாள் தள்ளிப்போனால்…

மருமகள் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாள் என்ற கணக்கு அன்று அவளைவிட மாமியாருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஒரு மாதம் தள்ளினால் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாவது மாதமும் தள்ளி, காலையில் குமட்டல் கண்டால் மருத்துவச்சி நாடி பார்ப்பாள். மூன்று மாதம் முடியாமல் ஊருக்குச் சொல்லக் கூடாது. மூடப்பழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கருக்கலைவுகளில் பெரும்பாலானவை அந்தப் பன்னிரண்டு வாரங்களுக்குள்தான் நடக்கின்றன.

ஆய்வுக்கூடத்திலும் அன்று பாடு பெரிதுதான். 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷைம், ஸொண்டெக் என்ற இருவர் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் கழித்து அவற்றை அறுத்து சினைப்பையைப் பார்த்தார்கள். அடுத்து முயல் வந்தது. அதற்கும் அதே கதி. பிறகு வந்த ஆப்பிரிக்கத் தவளை மட்டும் பிழைத்தது: ஊசி போட்டபின் முட்டையிட்டால் கர்ப்பம், அவ்வளவுதான்.

அந்தப் பிராணிகள் காட்டிக்கொடுத்த எச்சிஜி ஹார்மோனைத்தான் இன்று மெடிக்கல் ஷாப்பில் விற்கும் கிட்டும் தேடுகிறது. மூன்று சொட்டு, ஐந்து நிமிடம். 'சி' பக்கத்தில் கோடு விழாவிட்டால் கிட்டே பழுது. 'டி' பக்கத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான். கிட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, மாலையில் மறுபடி எடுத்துப் பார்த்துக் கோடு தேடுவதில் பயனில்லை; காய்ந்த கோடு ஏமாற்றும்.

அவசரம்தான் இன்றைய சிக்கல். கருமுட்டை வெளியான ஒரு வாரத்திலேயே சோதித்துவிட்டு அழுகிறவர்கள் உண்டு. கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ளவே பெரும்பாலும் எட்டு முதல் பத்து நாள் ஆகும். அதன் பிறகுதான் எச்சிஜி சுரந்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகும். எனவே கருமுட்டை வெளியாகிப் பதினான்கு நாள் கழித்து, அதாவது மாதவிலக்கு வரவேண்டிய நாளிலோ மறுநாளோ, காலை முதல் சிறுநீரில் பார்ப்பதே சரி. சுழற்சி 35 நாள் என்றால் முட்டை வெளியாவதே ஏறக்குறைய 21ஆம் நாள். 28ஆம் நாள் பார்த்து என்ன பயன்? ஒற்றைக் கோடு வந்து, விலக்கும் வராவிட்டால் மூன்று நாள் விட்டு மறுபடி பார்க்கலாம். குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்சிஜி ஊசியே போட்டுக்கொண்டவர்கள் மருத்துவர் சொன்ன நாள்வரை பொறுக்கத்தான் வேண்டும். ஊசி மருந்தே கோடு போட்டுவிடும்.

முந்திப் பார்ப்பதில் இன்னொரு வலியும் உண்டு. ஒட்டிய சில நாளிலேயே கலைந்துபோகும் கருவை அன்று 'இந்த மாதம் கொஞ்சம் தாமதம்' என்று கடந்துவிடுவார்கள். இன்று அதையும் இழப்பாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அறிந்திருப்பது நல்லதா என்று கேட்டால், எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நாள் தள்ளிய வாரத்திலேயே தெரிந்துவிடுவதில் லாபம் நிச்சயம் உண்டு. ஃபோலிக் அமில மாத்திரை உடனே தொடங்கலாம். கருவுக்கு ஆகாத மருந்துகளை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். இரட்டைக் கோட்டோடு ஒருபக்க அடிவயிற்று வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிராமத்தில் நர்ஸம்மாவிடம் சொன்னால் பரிசோதனை செய்து, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் பிக்மி பதிவு எண்ணுக்கும் பதிந்துவிடுவார்.